தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு வாதக் கட்டுரை: வரைபடம் போட்டு எழுதப் பழக்கும் முறை

வடசென்னையில் தமிழ் வகுப்பு எடுப்பவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரியும். மின்ட் தெரு, சௌகார்பேட்டை பக்கம் வீட்டில் மார்வாரியும் குஜராத்தியும் பேசும் பிள்ளைகள். மண்ணடியில் உருது. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் தெலுங்கு. மணலியிலும் மாதவரத்திலும் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்தியோ ஒடியாவோ பேசுவார்கள். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி, தமிழ்ப் பாடம் அந்தக் கல்வியாண்டில் 1-ஆம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் 10-ஆம் வகுப்பை எட்டியது. ஆகவே இவர்களில் பெரும்பாலோர் தமிழில் கட்டுரை எழுதியாக வேண்டியவர்கள்.

பேச்சில் இவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. தெருவில் பேசக் கேட்டால் வீட்டு மொழி வேறு என்று கண்டுபிடிக்கவே முடியாது. கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா என்று அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு காரணம் இருக்கும். ஆனால் “இது பற்றி உன் கருத்தைக் காரணம் காட்டி எழுதுக” என்று தாளில் கேட்டால், நோட்ஸில் மனப்பாடம் செய்த மூன்று வரியோடு பேனா நின்றுவிடும்.

என்ன எழுதுவது என்று யோசிப்பது ஒரு வேலை. அதை எழுத்துத் தமிழில் சொல்வது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்வதால்தான் பிள்ளை திணறுகிறது. எண்ணங்களைப் பெட்டி பெட்டியாக எழுதி, கோடு போட்டு இணைப்பதுதான் கருத்து வரைபடம். கணினியிலோ செல்போனிலோ போடும் அந்த வரைபடம் இந்த இரண்டையும் பிரித்துத் தருகிறது. ஆனால் பல வகுப்புகளில் வரைபடம் போட்ட பிறகும் கட்டுரை தேறுவதில்லை. பெட்டிகளை நிரப்புவதிலேயே கவனம் போய், பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் கோட்டை யாரும் பார்க்காமல் விடுவதுதான் அதற்குக் காரணம். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கோட்டைப் பற்றியதுதான்.

முதலில் கருவி

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். கணினி இருந்தால் டிரா.ஐஓ போதும். உலாவியிலேயே திறக்கும், கணக்குத் தொடங்கத் தேவையில்லை, கோட்டின் மேலேயே எழுதலாம். எனக்கு அந்தக் கடைசி வசதிதான் முக்கியம். இணையம் நிலையாக இல்லாத இடத்தில் ஃப்ரீபிளேன் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம்; பழைய மடிக்கணினியிலும் ஓடும். அமெரிக்காவின் ஐ.எச்.எம்.சி. நிறுவனம் இலவசமாகத் தரும் சிமேப் டூல்ஸ், கோட்டின் மேல் இணைப்புச் சொல் எழுதுவதற்கென்றே வடிவமைத்தது. ஜோசப் நோவக் 1970-களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கருத்து வரைபட முறையின் வாரிசு அது. கியாலோ எஜு வேறு மாதிரி: ஒரு கூற்றின் கீழே ஆதரவு ஒரு பக்கம், எதிர்ப்பு ஒரு பக்கம் என்று மரம்போல் வளரும். பலர் சேர்ந்து விவாதிக்க நல்லது.

நம் பகுதியில் பெரும்பாலான வீட்டில் ஒரே போன்தான், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். அதனால் நாலு பேருக்கு ஒரு கருவி என்று குழு பிரித்துக்கொள்ளுங்கள். போனில் எக்ஸ்மைண்ட் செயலி நன்றாக வேலை செய்கிறது. தட்டச்சுத் தெரியாத பிள்ளை ஜிபோர்டு விசைப்பலகையின் தமிழ்க் குரல் தட்டச்சைப் பயன்படுத்தட்டும். கொஞ்சம் நிறுத்திப் பேசினால் பெரும்பாலும் சரியாக வரும். வரைபடத்தை இணையத்தில் சேமிக்கும்போது பிள்ளைகளின் பெயரோ பள்ளியின் பெயரோ அதில் இருக்கக் கூடாது. ‘குழு 1’, ‘குழு 2’ போதும்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பது

“மரம் வளர்ப்போம்” என்பது வாதத்துக்கு உதவாத தலைப்பு. எதிர்த்துப் பேச ஆளே கிடையாது. இரண்டு பக்கமும் நல்ல மனிதர்கள் நிற்கக்கூடிய கேள்வி வேண்டும். பிள்ளைக்கு அதைப் பற்றி நேரடியாகத் தெரிந்திருக்கவும் வேண்டும். தெரியாத விஷயத்தில் வாதிடச் சொன்னால் திரும்பவும் நோட்ஸ் வாசகம்தான் வரும்.

நம் பகுதியில் இதற்குப் பஞ்சமே இல்லை. கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வரலாமா? தீபாவளி நெருங்கும் வாரங்களில் வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவான எம்.சி. ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு மட்டும் விடலாமா? விளையாட்டு மைதானத்தைத் திருமண விழாக்களுக்கு வாடகைக்கு விடலாமா? இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி: ஆண்டுதோறும் விசைப்படகுகளைக் கடலுக்கு விடாமல் நிறுத்தும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடர வேண்டுமா? காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் வளரும் பிள்ளைக்கு இதைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். வீட்டில் மீன் சமைக்காத சௌகார்பேட்டைப் பிள்ளை அந்தக் குழுவில் கேள்வி கேட்பவராக இருக்கட்டும்; வேறு யாருக்கும் தோன்றாத கேள்வியை அந்தப் பிள்ளைதான் கேட்கும்.

பேச்சுத் தமிழில் கொட்டட்டும்

எடுத்தவுடன் எழுத்துத் தமிழ் கேட்காதீர்கள். பத்து நிமிடம் வாயால் சண்டை போடட்டும். ஒருவர் மட்டும், வருகிற வாசகங்களை வந்தபடியே பெட்டிகளில் போட்டுக்கொண்டே போகட்டும்.

“போட்டு ஓடாகாட்டி லோடு தூக்கறவங்களுக்குக் கூலி இல்ல மிஸ்.” “அப்போதான் மீனு முட்டை வெக்கும்.” “கவர்மெண்டு துட்டு குடுக்குது இல்ல?” “அது எத்தினி நாளிக்கு வரும்?” எல்லாம் பெட்டிக்குள் போகட்டும். தெலுங்கிலோ இந்தியிலோ ஒரு வாசகம் வந்தால் அதையும் தமிழ் எழுத்தில் போட்டுவிடுங்கள். இந்தக் கட்டத்தில் எழுத்துப் பிழை, சந்திப் பிழை எதையும் திருத்தக் கூடாது. ஆசிரியர் சிவப்பு மை எடுத்த நொடியில் பிள்ளை கஷ்டமான எண்ணங்களை விட்டுவிட்டு, எழுதத் தெரிந்த எண்ணங்களை மட்டும் சொல்ல ஆரம்பித்துவிடும். பெரிய நஷ்டம் அது.

ஒரே ஒரு விதியை மட்டும் இங்கேயே கண்டிப்பாக வையுங்கள்: ஒரு பெட்டியில் ஒரு முழு வாக்கியம். நடுவில் தலைப்பு எழுதி, சுற்றிலும் ‘பொருளாதாரம்’, ‘சுற்றுச்சூழல்’, ‘அரசு’ என்று ஒற்றைச் சொற்களை வைக்கும் மைண்ட் மேப், நினைவில் வைக்க உதவலாம், வாதத்துக்கு உதவாது. ‘பொருளாதாரம்’ என்ற சொல்லை யாரும் ஒப்புக்கொள்ளவும் முடியாது, மறுக்கவும் முடியாது. “தடைக்காலத்தில் கூலிக்காரருக்கு வருமானம் நின்றுபோகிறது” என்றால் இரண்டும் முடியும். அப்படி இருந்தால்தான் அதிலிருந்து கோடு இழுக்கலாம்.

கோடு இழுப்பது

முடிவை மேலே ஒரு பெட்டியில் வையுங்கள்: “61 நாள் தடைக்காலம் தொடர வேண்டும்.” அதற்குக் கீழே ஒரு காரணம்: “அந்த மாதங்களில் பல மீன்களும் இறாலும் முட்டையிடுகின்றன.” இரண்டுக்கும் நடுவில் கோடு. இப்போது பிள்ளை அந்தக் கோட்டை இரண்டு திசையிலும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மேலிருந்து கீழே: “தடைக்காலம் தொடர வேண்டும்; ஏனென்றால் அந்த மாதங்களில் பல மீன்கள் முட்டையிடுகின்றன.” கீழிருந்து மேலே: “அந்த மாதங்களில் பல மீன்கள் முட்டையிடுகின்றன, ஆகவே தடைக்காலம் தொடர வேண்டும்.” இரண்டு திசையிலும் காதுக்குச் சரியாக விழுந்தால்தான் கோடு நிற்கலாம். இல்லாவிட்டால் அழித்துவிட்டு வேறு இடத்தில் போடுங்கள்.

எங்கள் வகுப்பில் இந்தச் சோதனை செய்யும் வேலையை வேறெதுவும் செய்ததில்லை. “மீன் விலை ஏறிவிடும்” என்ற பெட்டியை ஒரு பிள்ளை ஆதரவுப் பக்கம் ஒட்டியிருக்கும். வாய்விட்டுப் படித்ததும் தானே சிரித்துவிட்டு எதிர்ப் பக்கத்துக்கு நகர்த்தும். ஆசிரியர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது மறைந்திருக்கும் பெட்டி. மீன் முட்டையிடுகிறது, சரி. அதற்கும் வலை போடாமல் இருப்பதற்கும் என்ன சம்பந்தம்? நடுவில் சொல்லாமல் விட்ட வாக்கியம் ஒன்று இருக்கிறது: “முட்டையிடும் காலத்தில் இழுவை வலை போட்டால் சினை மீனும் குஞ்சும் சேர்ந்தே அழியும்.” அதற்கும் கீழே இன்னொன்று: “குஞ்சு பிழைத்தால் அடுத்த பருவத்தில் அதே படகுகளுக்கு மீன் கிடைக்கும்.” இவை தனித்தனிக் காரணங்கள் அல்ல. ஒன்றை எடுத்தால் மற்றது நிற்காது. இவற்றை ஒரே பெரிய பெட்டிக்குள் சேர்த்து வைத்து, அந்தப் பெரிய பெட்டியிலிருந்து ஒரே கோடு மேலே போகட்டும்.

மறைந்த பெட்டியைக் கண்டுபிடிக்க வாத வரைபடம் கற்பிப்பவர்கள் இரண்டு விதிகளைச் சொல்வார்கள். முயல் விதி: முடிவில் உள்ள முக்கியமான சொல் எதுவும் காரணங்களில் எங்காவது இருக்க வேண்டும், வெறும் தொப்பியிலிருந்து முயல் வரக் கூடாது. கைகோர்ப்பு விதி: காரணங்களில் வரும் சொல் முடிவிலோ பக்கத்துக் காரணத்திலோ இன்னொரு முறை வர வேண்டும், எந்தச் சொல்லும் கைகோர்க்காமல் தனியாக நிற்கக் கூடாது. நம் முடிவில் ‘61 நாள்’ என்று இருக்கிறது. காரணம் எதிலாவது ‘61 நாள்’ வந்திருக்கிறதா? இல்லை. அப்படியானால் தடை வேண்டும் என்பதற்குத்தான் காரணம் சொல்லியிருக்கிறோம், ஏன் 61 நாள் என்பதற்குச் சொல்லவில்லை. 2017-க்கு முன் இது 45 நாளாக இருந்தது என்பதைத் தேடி எடுக்கும் பிள்ளை, “45 நாள் ஏன் போதவில்லை?” என்று அடுத்த கேள்விக்குத் தானாகவே போகும்.

ஸ்டீபன் டூல்மின் 1958-இல் கூற்று, ஆதாரம், இரண்டையும் இணைக்கும் நியாயம் என்று வாதத்தைப் பிரித்துக் காட்டியதைத்தான் ஆசிரியர் பயிற்சிகளில் மேற்கோள் காட்டுவார்கள். தமிழாசிரியர்களுக்கு இது புதிதில்லை. மணிமேகலையின் 29-ஆம் காதையில், மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), புகை இருப்பதால் என்பது ஏது (காரணம்), அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று படிப்படியாக வருகிறது. மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையே மூன்று பெட்டியாகப் போட்டுக் காட்டுங்கள். புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்ற மறைந்திருக்கும் பெட்டியை அடுக்களைதான் தாங்கிப் பிடிக்கிறது என்பது படமாகப் பார்க்கும்போது சட்டென்று புரியும்.

எதிர்ப் பக்கம்

வழக்கமான நிறங்களையே வைத்துக்கொள்ளுங்கள்: ஆதரவு பச்சை, எதிர்ப்பு சிவப்பு, எதிர்ப்புக்கு நாம் சொல்லும் பதில் ஆரஞ்சு. சாம்பல் நிறம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். அது இன்னும் சரிபார்க்காத தகவலுக்கு.

சிவப்புப் பெட்டியைப் பலவீனமாக எழுதப் பிள்ளைகளுக்கு ஆசை வரும். அதை அனுமதிக்காதீர்கள். எதிர்த் தரப்பில் இருப்பவர் படித்தால் “ஆமாம், நான் சொல்வது இதுதான்” என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே அது எளிது, ஏனென்றால் அந்த எதிர்த் தரப்பு பல சமயம் பக்கத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளையின் அப்பா விசைப்படகில் போகிறவர்.

சிவப்பு: “தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர் குடும்பத்துக்கு வருமானம் இல்லை, நிவாரணம் போதாது.” சான்று வேண்டும். கிழக்குக் கடற்கரையில் தடை ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை. 2023-இல் அரசு அறிவித்த உயர்வின்படி நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். பிள்ளையையே வகுக்கச் சொல்லுங்கள்: ஒரு நாளைக்கு 131 ரூபாய். அந்த 131 வகுப்பில் எழுதப்பட்டதும் அறை அமைதியாகிவிடும். ‘போதாது’ என்ற சொல்லுக்கு இப்போது எடை வந்துவிட்டது.

“ஐஸ் உடைக்கிறவங்களுக்கு நிவாரணம் கிடையாது” என்று ஒரு பிள்ளை சொன்னால் அது சாம்பல் பெட்டி. வீட்டில் கேட்டு வரட்டும். உறுதியானால் சிவப்புக்கு மாறும், இல்லாவிட்டால் அழியும். இன்னொரு சிவப்பு: “எல்லா மீனும் ஒரே மாதத்தில் முட்டையிடுவதில்லை.” இது உண்மை. நம்முடைய வெப்பக் கடலில் இனத்துக்கு இனம் காலம் மாறும். அதனால்தான் முதல் காரணத்தில் ‘மீன்கள்’ என்று பொதுவாகப் போடாமல் ‘பல மீன்கள்’ என்று வைத்தோம். இப்படி எதிர்வாதத்தைப் பார்த்துவிட்டு நம் பெட்டியின் அளவைக் குறைப்பதும் வாதத்தின் ஒரு பகுதிதான் என்று சொல்லிக்கொடுங்கள். ‘எல்லா’, ‘எப்போதும்’, ‘யாரும்’ ஆகிய மூன்று சொற்களையும் வரைபடம் முழுக்கத் தேடி ஒவ்வொன்றையும் சோதிக்கச் சொல்லலாம்.

ஆரஞ்சு: “வருமான இழப்புக்குத் தீர்வு நிவாரணத்தை உயர்த்துவதுதான், தடையை நீக்கினால் சில ஆண்டுகளில் மீனே குறைந்து அதே குடும்பம் இன்னும் அதிகம் இழக்கும்.” இந்தப் பதிலை எழுதியதும் மேலே உள்ள முடிவும் மாற வேண்டியிருக்கிறது: “61 நாள் தடைக்காலம் தொடர வேண்டும், நிவாரணத் தொகை உயர வேண்டும்.” முடிவுப் பெட்டி திருத்தப்படாத வரைபடத்தில் பிள்ளை எதிர்த் தரப்பைக் காதுகொடுத்துக் கேட்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

படத்திலிருந்து பத்திக்கு

பெரும்பாலான வகுப்புகள் வரைபடத்தை முடித்துவிட்டு “சரி, இப்போது எழுதுங்கள்” என்று விட்டுவிடும். பிள்ளை பெட்டிகளை வரிசையாகப் பார்த்து எழுதும். நான்கு தொடர்பில்லாத வாக்கியங்கள் கிடைக்கும். மொத்த நேரத்தில் பாதியையாவது இந்தக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கழியுங்கள். இருபது பெட்டி இருந்தாலும் ஒரு பக்கக் கட்டுரை தாங்குவது இரண்டு காரணம், ஒரு எதிர்வாதம், ஒரு பதில். மிச்சத்தை ஓரமாக ஒதுக்குங்கள், நீக்க வேண்டாம். பிறகு நிற்கும் பெட்டிகளுக்கு எண் போடுங்கள்.

அடுத்து ஒவ்வொரு கோட்டின் மேலும் இணைப்புச் சொல்லை எழுதச் சொல்லுங்கள். காரணக் கோட்டுக்கு: ஏனெனில், ஆகவே, ஆதலால், அல்லது வினையோடு ஒட்டும் ‘-தால்’. சான்றுக் கோட்டுக்கு: எடுத்துக்காட்டாக. எதிர்க் கோட்டுக்கு: “சிலர் … என்கின்றனர்.” பதில் கோட்டுக்கு: என்றாலும், எனினும், “… உண்மைதான், ஆனால்”.

வீட்டு மொழி தெரிந்தால் இங்கே ஆசிரியருக்குப் பெரிய உதவி. இந்தியும் உருதும் பேசும் பிள்ளைகள், ‘கியோன்கி’ பழக்கத்தில் எல்லாவற்றையும் ‘ஏனென்றால்’ போட்டே இணைப்பார்கள். முடிவு முன்னால், காரணம் பின்னால். அது தவறில்லை, ஆனால் ஒரே கட்டுரையில் ஐந்து ‘ஏனென்றால்’ படிக்க முடியாது. அவர்களுக்குக் கோட்டைக் கீழிருந்து மேலே படித்து, ‘-தால்’ போட்டு ஒரே வாக்கியமாக்கும் பயிற்சி தேவை: “அந்த மாதங்களில் பல மீன்கள் முட்டையிடுவதால் தடைக்காலம் தொடர வேண்டும்.” தெலுங்குப் பிள்ளைக்கு இந்த வரிசை பழகியதுதான், ‘காபட்டி’ இருக்கிற இடத்தில் ‘ஆகவே’ வைத்தால் போதும். எல்லோருக்குமே கடினம் ‘-ஆலும்’. ‘ஆனால்’ ஒன்றை வைத்தே காலம் தள்ளுவார்கள். “கூலி நின்றுபோனாலும் குஞ்சு மீன்களைக் காப்பாற்ற வேண்டும்” என்று சிவப்பையும் ஆரஞ்சையும் ஒரே வாக்கியத்தில் பிடிக்கத் தெரிந்த பிள்ளை பெரிய தாண்டு தாண்டிவிட்டது.

பேச்சு வடிவத்தை எழுத்து வடிவமாக்குவதும் இந்தக் கட்டத்தில்தான். சென்னைத் தமிழைக் கேலி செய்யாமல், இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ‘ஓடாகாட்டி’ இடப்பக்கம், ‘ஓடாவிட்டால்’ வலப்பக்கம். ‘போவசொல்ல’, ‘போகும்போது’. ‘அதுக்கோசரம்’, ‘அதற்காக’. ‘ஏன்னா’, ‘ஏனெனில்’. பிள்ளை ஏற்கெனவே சரியாகப் பயன்படுத்தும் சொல்லுக்கு இன்னொரு உடை கிடைக்கிறது, அவ்வளவுதான். எழுத்துப் பிழைத் திருத்தமும் இப்போது வரலாம்.

இப்படி வரும் ஒரு பத்தி இந்த மாதிரி இருக்கும்:

“மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்களுக்கு வருமானம் நின்றுபோகிறது என்று சிலர் கூறுகின்றனர். அது உண்மைதான். எடுத்துக்காட்டாக, 8,000 ரூபாய் நிவாரணத்தை 61 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய்தான் வருகிறது. என்றாலும் தடையை நீக்குவது இதற்குத் தீர்வாகாது. முட்டையிடும் காலத்தில் இழுவை வலை போட்டால் குஞ்சுகளும் அழிவதால், அடுத்த ஆண்டுகளில் அதே குடும்பங்கள் இன்னும் அதிகம் இழக்கும். ஆகவே தடைக்காலம் தொடர வேண்டும். நிவாரணத் தொகை உயர வேண்டும்.”

அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

திருப்பிப் போடுவது

கட்டுரை முடிந்ததும் குழுக்கள் தாளை மாற்றிக்கொள்ளட்டும். அடுத்த குழுவின் வரைபடத்தைப் பார்க்காமல், கட்டுரையை மட்டும் படித்து அதிலிருந்து வரைபடம் போட வேண்டும். பிறகு இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதியவர் படத்தில் இருக்கும் கோடு படித்தவர் படத்தில் இல்லையென்றால், அந்த இடத்தில் இணைப்புச் சொல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திருத்தி எழுதினால் போதும். மதிப்பெண் போடுவதைவிட இது நூறு மடங்கு பயன் தரும். பிள்ளைகளும் விரும்பிச் செய்வார்கள்.

தேர்வுக்குத் தயாராகும்போது

தேர்வறையில் போனும் கிடையாது, டிரா.ஐஓவும் கிடையாது. அதனால் அரையாண்டுத் தேர்வு முடிந்ததிலிருந்தே திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள். முதலில் நிறங்கள் போகட்டும். பச்சைக்குக் கூட்டல் குறி, சிவப்புக்குக் கழித்தல் குறி. பிறகு முழு வாக்கியப் பெட்டிகள் போய், வாக்கியத்தின் முதல் இரண்டு சொற்கள் மட்டும் நிற்கட்டும். அதற்குள் முழு வாக்கியமும் பிள்ளையின் தலைக்குள் பழகியிருக்கும். கடைசி வரை எடுக்கக் கூடாதது கோட்டின் மேல் எழுதும் இணைப்புச் சொல். 10-ஆம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கேள்வித்தாளைப் படிக்க 10 நிமிடம் தருகிறார்கள். 8 மதிப்பெண் நெடுவினாக்களில் எதை எழுதுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டு, எழுத ஆரம்பித்ததும் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஐந்து பெட்டி, நான்கு கோடு. மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. எழுதி முடித்த பின் அந்தப் படத்தை ஒரு குறுக்குக் கோடு போட்டு அடித்துவிடச் சொல்லுங்கள்.